ரோடே இல்லாத அலாஸ்காவுல 200 ஏர்போர்ட் எதுக்கு? தெரிஞ்சவங்க சொல்லுங்க

கரூர்_கார்த்தி:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் சியாட்டில்ல இருக்கேன், வர்ற ஜூன்ல அப்பா அம்மா ஊர்ல இருந்து வர்றாங்க, அவங்கள அலாஸ்கா கூட்டிட்டு போலாம்னு ஒரு யோசனை. ஜூனோல இறங்கி அங்கயே ஒரு கார் வாடகைக்கு எடுத்து அப்படியே ஆங்கரேஜ் வரைக்கும் ஓட்டிட்டு போயிரலாம்னு நெனச்சிருந்தேன். மேப்ப பெருசு பண்ணி பாத்தா ஜூனோல இருந்து வடக்க போற ரோடு 40 மைல் சொச்சத்துலயே நின்னு போகுதுங்க, அதுக்கு மேல மலையும் தண்ணியும்தான். ஒரு ஸ்டேட்டோட தலைநகருக்கே ரோடு கெடையாதுங்கறத எனக்கு நம்பவே முடியல.

சரின்னு ஏர்போர்ட் லிஸ்ட்ட தேடுனா இன்னும் குழப்பம். 2020 சென்சஸ்ல மொத்த ஸ்டேட்டுக்கே ஜனத்தொகை 7,33,391தான், நம்ம கோயம்புத்தூர் சிட்டிய விட கம்மி. ஆனா ஸ்டேட் கவர்மெண்ட்டே 200க்கு மேல ஏர்போர்ட் சொந்தமா வச்சு நடத்துது. 70 பேரு, 100 பேரு இருக்கற ஊருக்கெல்லாம் ஏர்போர்ட். இதுக்கெல்லாம் யாருங்க காசு குடுக்கறாங்க, என்ன கணக்கு இது? அங்க இருக்கற நம்ம ஆளுங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் வெவரமா சொல்லுங்க.

ரன்வே_ராஜா:
தம்பி கார்த்தி, நான் ஆங்கரேஜ்ல கார்கோ பக்கம் லோடு பிளானிங் வேலைல இருக்கேன், 11 வருஷம் ஆச்சு. மொதல்ல உங்க ட்ரிப்ப முடிச்சுருவோம். ஜூனோவுக்கு பிளேன் இல்லன்னா கப்பல், வேற வழியே கெடையாது. ஜூனோ பாத்துட்டு அங்கருந்து பிளேன்ல ஆங்கரேஜ் வாங்க, இங்க கார் எடுங்க, ஃபேர்பேங்க்ஸ் வரைக்கும் 360 மைல் நல்ல ரோடு, வழியில டெனாலி நேஷனல் பார்க், அப்பா அம்மாவுக்கு புடிக்கும்.

ஆனா ஜூனோவுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு நாள் கையில வச்சுக்கோங்க. அங்க ரெண்டு பக்கமும் மலை, நடுவுல ஒடுக்கமான கடல் கால்வாய், மேகம் கீழ எறங்கிடுச்சுன்னா அந்தக் காலத்துல பிளேன் எறங்கவே முடியாது. 1996ல அலாஸ்கா ஏர்லைன்ஸ்தான் சாட்டிலைட்ட வச்சு வளைஞ்சு வளைஞ்சு எறங்கற முறைய மொதமொதல்ல ஜூனோலதான் பண்ணி காட்டுனாங்க, இன்னிக்கு உலகம் பூரா மலை ஊர் ஏர்போர்ட்ல பயன்படுத்தறாங்களே அதே முறைதான். அப்படியும் சில நாள் எறங்க முடியாது. அப்ப பிளேன் அந்த ஊர் தலைக்கு மேலயே பறந்து அடுத்த ஊருக்கு போயிரும். இங்க அத ‘ஓவர்ஹெட் ஆயிட்டோம்’னு சொல்லுவாங்க. ஜூனோ டிக்கெட் வாங்கினவன் சிட்காவுலயோ கெட்சிகன்லயோ ராத்திரி தங்கறது இங்க சாதாரணம்.

ஏர்போர்ட் கணக்க பத்தி சொல்லணும்னா நெறைய இருக்கு, டூட்டி முடிச்சுட்டு வந்து எழுதறேன். அனிதா டீச்சர் இந்த ஃபோரம்லதான் இருக்காங்க, அவங்க என்னைய விட நல்லா சொல்லுவாங்க.

அனிதா_டீச்சர்:
ராஜா அண்ணா கூப்பிட்டதால வந்தேன். கார்த்தி தம்பி, நான் பெத்தேல் பக்கத்துல குஸ்கோக்விம் ஆத்தங்கரையில யூப்பிக்னு சொல்ற பழங்குடி ஜனங்களோட ஒரு கிராமத்து ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன், இது நாலாவது குளிர்காலம். நீங்க ஏர்போர்ட்னு சொன்னதும் உங்க மனசுல வர்ற படத்த மொதல்ல அழிச்சிருங்க. எங்க ஊர் ஏர்போர்ட்னா மண்ணக் கொட்டி மேடாக்கி சரளைக்கல்லு போட்ட ஒரு நீளமான பட்டை, ரெண்டு பக்கமும் லைட்டு, ஒரு காத்துப் பை, பனி தள்ற வண்டி நிக்கறதுக்கு ஒரு ஷெட்டு. அவ்வளவுதான். டெர்மினல் கெடையாது, டாய்லெட் கெடையாது, உக்கார பெஞ்சு கெடையாது. பிளேன் வர்ற சத்தம் கேட்டதுக்கப்புறம் ஃபோர் வீலர்ல, அதாவது நாலு சக்கர பைக்ல, கெளம்பி போனா சரியா இருக்கும், குளிர்காலத்துல ஸ்னோ மெஷின், பனி மேல ஓடற வண்டி. அந்தப் பட்டைக்கு போடற சரளைக்கல்லு கூட இந்த டெல்டாவுல கெடைக்காது, மொத்தமும் சேறும் தண்ணியும்தானே, எங்கயோ இருந்து பார்ஜ்ல ஆத்து வழியா கொண்டு வரணும். அதுக்கு கீழ வருஷம் பூரா உறைஞ்சு கெடக்கற நெலம், அது இப்ப கொஞ்சம் கொஞ்சமா இளகுது, ரன்வே நடுவுல பள்ளம் விழுது, ரொப்பறாங்க, திரும்ப விழுது.

நான் மொதல்ல வந்தப்ப ஆங்கரேஜ்ல இருந்து பெத்தேலுக்கு ஜெட்டு, 400 மைல், ஒரு மணி நேரம் சொச்சம். பெத்தேல்ல எறங்கி கிராமத்துக்கு சின்ன பிளேன். கவுண்டர்ல இருந்தவரு பேரு கேட்டாரு, அப்புறம் சாதாரணமா ‘உங்க வெயிட் எவ்வளவு, கோட்டு பூட்ஸோட சேத்து சொல்லுங்க’ன்னாரு. நான் வெக்கப்பட்டு ரெண்டு கிலோ கொறைச்சு சொன்னேன், அவரு ஒண்ணும் சொல்லாம தராச காமிச்சாரு. பைலட்டே பெட்டிய தூக்கி வச்சாரு, பைலட்டே என்னைய அவரு பக்கத்து சீட்டுல உக்கார வச்சு பெல்ட் மாட்டி விட்டாரு. பின்னாடி டயப்பர் டப்பா, கோழி முட்டை, ஒரு ஸ்னோ மெஷின் டிராக், ஒரு பாட்டி, ஒரு கைக்குழந்தை. அதான் எங்க டவுன் பஸ்ஸு.

குளிர்காலம் நடுவுல ஆறு நல்லா உறைஞ்சிரும், அதுமேல ரோடு போடுவாங்க, காரே ஓடும். கோடையில போட்டு. ஆனா அக்டோபர், நவம்பர்ல ஆறு உறைய ஆரம்பிக்கற வாரங்களும், ஏப்ரல், மே மாசம் பிரேக்கப்புன்னு சொல்ற ஐஸ் ஒடையற வாரங்களும் இருக்கே, அப்ப போட்டும் போகாது, வண்டியும் போகாது. அந்தப் பட்டை மட்டும்தான் எங்களுக்கு வெளியுலகம். அலாஸ்கா ஊர்கள்ல 100க்கு 80க்கு மேல ரோடு நெட்வொர்க்ல சேராததுதான், அதனால ‘எதுக்கு இத்தனை ஏர்போர்ட்’னு நீங்க கேட்டா எனக்கு ‘எதுக்கு ஊருக்கு ரோடு’ன்னு கேட்ட மாதிரி இருக்கு. நீங்க தெரியாமதான் கேட்டீங்க, அதுல தப்பில்ல.

செல்வம்_டாலஸ்:
அனிதா மேடம், நீங்க எழுதினது மனச தொட்டுச்சு, மரியாதையோடதான் கேக்கறேன். நான் வரி கட்டறவன், கணக்கு பாக்கற வேலை. 1978ல ஏர்லைன்ஸ் மேல இருந்த அரசு கட்டுப்பாட்ட எடுத்தப்ப (டீரெகுலேஷன்) சின்ன ஊருங்களுக்கு பிளேன் நின்னு போயிரக்கூடாதுன்னு எசென்ஷியல் ஏர் சர்வீஸ்னு ஒரு மானியம் கொண்டு வந்தாங்க, 10 வருஷத்துக்குன்னு சொல்லி ஆரம்பிச்சது இன்னும் ஓடுது. மத்த ஸ்டேட்ல பெரிய ஏர்போர்ட்டுக்கு 210 மைலுக்குள்ள இருக்கற ஊருன்னா ஒரு பயணிக்கு 200 டாலருக்கு மேல மானியம் போகக்கூடாது, அதுக்கு மேல தூரமா இருந்தாலும் ஒரு உச்சவரம்பு உண்டு. அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் மட்டும் இந்த வரம்பே கெடையாது. ஏன்? அலாஸ்காவுல 60 ஊரு சுமாருக்கு இந்த மானியம் போகுது. அந்தக் காசுல அந்த ஜனங்களுக்கு வேற ஏதாவது நல்லது பண்ண முடியாதா? ஒரு மெயின் ஊரா பாத்து எல்லாரையும் அங்க கொண்டு வந்தா ஸ்கூல், ஆஸ்பத்திரி எல்லாம் நல்லா குடுக்கலாமே. தப்பா எடுத்துக்காதீங்க, கேள்விய கேட்டு வச்சாதான் பதில் தெரியும்.

ரன்வே_ராஜா:
செல்வம் சார், நல்ல கேள்வி, ஆனா ரெண்டு மூணு விஷயம் ஒண்ணா கலந்துருக்கு, பிரிச்சு சொல்றேன்.

இங்க ஏர்போர்ட்டுல ரெண்டு ஜாதி. ஆங்கரேஜும் ஃபேர்பேங்க்ஸும் ஸ்டேட்டுக்கு சொந்தம்தான், ஆனா அதுங்க தன் சம்பாத்தியத்துல ஓடுது, ஸ்டேட் பட்ஜெட்ல கை வைக்கறதே இல்ல. ஆங்கரேஜ் எப்படி சம்பாதிக்குதுன்னா, ஹாங்காங்ல இருந்து சிகாகோவுக்கு ஒரு 747 கார்கோ பிளேன் நேரா போகணும்னா அவ்வளவு தூரத்துக்கு எண்ணெய் ரொப்பணும், எண்ணெயே வெயிட்ட தின்னுரும், சரக்க எறக்கி வச்சுட்டுத்தான் கெளம்பணும். நடுவுல ஆங்கரேஜ்ல எறங்கி எண்ணெய் போட்டா பாதி எண்ணெய், முழு சரக்கு. டன்னுக்குத்தான காசு. அதனால ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவுல போற சரக்கு பிளேன்ல பெரும்பகுதி இங்கதான் எறங்குது, ஒண்ணே கால் மணி, ஒண்ணரை மணி நேரத்துல பைலட்ட மாத்தி, எண்ணெய் போட்டு அனுப்பிருவோம். தொழில் நாடுகள்ல 90 சதவீதம் இங்கருந்து ஒம்பதரை மணி நேரப் பறப்புக்குள்ளன்னு ஏர்போர்ட்காரங்க பெருமையா போட்டிருப்பாங்க. ஒலகத்துல சரக்குல மொத அஞ்சுக்குள்ள வர்ற ஏர்போர்ட் இது. கோவிட் வருஷம் 2020ல பேசஞ்சர் பிளேனெல்லாம் படுத்ததும் சில நாள் உலகத்துலயே பிஸியான ஏர்போர்ட்டா இதான் இருந்துச்சு, நாங்க தூங்கவே இல்ல.

‘அப்ப அந்தக் காசை எடுத்து கிராமத்துக்கு போடு’ன்னு கேப்பீங்க. முடியாது சார். ஏர்போர்ட்ல வர்ற வருமானத்த வேற எடத்துக்கு மாத்தக்கூடாதுன்னு ஃபெடரல் சட்டம். கிராமத்து ரன்வே புதுசா போடறதுக்கு, நீட்டறதுக்கு எல்லாம் ஃபெடரல் விமானத் துறையான எஃப்ஏஏ நிதில இருந்து 90 சதவீதத்துக்கு மேல வரும், அந்த நிதியே நீங்களும் நானும் டிக்கெட் வாங்கும்போது கட்டற வரிதான். ஆனா போட்ட ரன்வேல பனி தள்ற ஆளுக்கு சம்பளம், கரண்ட்டு பில்லு, பல்பு, இது ஸ்டேட் பட்ஜெட்ல இருந்து வரணும். எண்ணெய் வெலை எறங்குனா ஸ்டேட் பட்ஜெட் எறங்கும், பட்ஜெட் எறங்குனா எங்கயோ ஒரு ஊர்ல லைட்டு எரியாது. எங்க கஷ்டமே அதான். ரன்வே இருக்கும், லைட்டு இருக்காது.

2019 ஆகஸ்ட்ல இகியுகிக்னு ஒரு ஊரு, 70 பேரு சொச்சம், அங்க ராத்திரி ஒரு உயிர் ஆபத்து. மெடிவாக்னு சொல்ற ஆம்புலன்ஸ் பிளேன் வந்து மேல சுத்துது, ரன்வே லைட்டு வேலை செய்யல. ஊர்ல ஒருத்தங்க வீடு வீடா ஃபோன் போட்டு எழுப்பி, இருக்கற ஃபோர் வீலர், வண்டி, டிரக் எல்லாம், 20 வண்டி இருக்கும், ரன்வே ஓரமா வரிசையா நிறுத்தி ஹெட்லைட்ட போட்டாங்க. அந்த வெளிச்சத்துல பிளேன் எறங்கி நோயாளிய ஏத்திட்டு ஆங்கரேஜ் வந்துச்சு. இத நான் பெருமையா சொல்லல சார், பல்பு எரிஞ்சிருந்தா அந்த ஜனங்க நடு ராத்திரி அப்படி ஓடியிருக்க வேண்டாம்.

மீனாட்சி_நர்ஸ்:
நானும் கொஞ்சம் சேத்துக்கறேன். டிராவல் நர்ஸா 13 வாரம் கெட்சிகன்ல இருந்தேன். அங்க ஏர்போர்ட்டு ஊர்ல இல்ல, எதுத்தாப்ல க்ராவினான்னு ஒரு தீவுல இருக்கு, நடுவுல டோங்காஸ் ஜலசந்தி. ஊர்ல இருந்து கண்ணுக்கு எதிர்ல தெரியும், பிளேன் எறங்கறத ஜன்னல்லயே பாக்கலாம், ஆனா அங்க போகணும்னா ஃபெர்ரி ஏறணும். மழையில பெட்டிய இழுத்துக்கிட்டு ஃபெர்ரிக்கு ஓடி, அந்தப் பக்கம் எறங்கி மேடேறி செக்இன் பண்ணணும். கெட்சிகன்ல மழை இல்லாத நாளே கொஞ்சம்.

அந்த ஏர்போர்ட் 1973லதான் வந்துச்சாம். அதுக்கு முன்னாடி அன்னெட் தீவுல இரண்டாம் உலகப்போர்ல கட்டுன ரன்வேல பெரிய பிளேன் எறங்கும், அங்கருந்து தண்ணியில எறங்கற பிளேன்ல மாறி ஊருக்கு வரணும்னு எங்க வார்டுல ஒரு தாத்தா சொல்லுவாரு. ஏர்போர்ட்டுக்கு ஒரு பாலம் கட்டலாம்னு 2005ல காங்கிரஸ்ல பணம் ஒதுக்குனாங்க, மொத்த செலவு 39 கோடியே 80 லட்சம் டாலர்னு கணக்கு வந்துச்சு, நாடு பூரா ‘எங்கயும் போகாத பாலம்’னு கேலி பண்ணி, 2007ல ஸ்டேட்டே கைய விரிச்சிருச்சு. தீவுல 50 பேருதான் இருக்காங்க, அவங்களுக்கா பாலம்னு கேட்டாங்க. அது 50 பேருக்கான பாலம் இல்ல, ஊர் மொத்தமும் ஏர்போர்ட்டுக்கு போற வழின்னு யாரும் காதுல வாங்கல. எனக்கு அந்த விலை சரியா தப்பான்னு சொல்லத் தெரியாது, ஆனா ஸ்ட்ரோக் வந்த ஒருத்தர ஸ்ட்ரெச்சரோட ஃபெர்ரிக்கு கொண்டு போனதுல நான் கூட நின்னிருக்கேன், அந்தக் கொஞ்ச நிமிஷம் எவ்வளவு நீளம்னு எனக்கு தெரியும்.

செல்வம்_டாலஸ்:
மீனாட்சி மேடம், ராஜா சார், நன்றி. பல்பு எரியலங்கறது என் மண்டைக்குள்ள நின்னுடுச்சு. கட்டறதுக்கு காசு வரும், பராமரிக்க வராது, இது நம்மூர்லயும் பாக்கற வியாதிதான். ஆனா ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. அப்படியே ரோடு போட முடியற எடத்துல ரோடு போட்டுட்டா என்ன? கிங் கோவ்னு ஒரு ஊரு பத்தி படிச்சேன்.

ரன்வே_ராஜா:
கிங் கோவ் எடுத்தீங்களா, அது பெரிய ரணம் சார். அலூஷியன் தீவுங்க பக்கம், 750 பேரு சொச்சம், மீன் தொழில். மலைக்கு நடுவுல சரளை ரன்வே, காத்தும் மூடுபனியும் சேந்தா எறங்க வழியே இல்ல. பக்கத்துலயே கோல்ட் பே, அங்க ஜனம் 50 பேரு சுமார், ஆனா 10,000 அடிக்கு மேல ரன்வே, 1942ல ராணுவம் போட்டது. பசிபிக் தாண்டி வர்ற பிளேனுக்கு ஏதாச்சும்னா எறங்கற எடம் அது, 2013ல கூட ஒரு 767 அங்க எறங்குச்சு. கிங் கோவ்காரங்க கேக்கறது அந்த ரன்வேக்கு போக ஒரு மண் ரோடு, இன்னும் 11 மைல் சொச்சம் போட்டா போதும்ங்கறாங்க. ஆனா அது இசெம்பெக் சரணாலயத்துக்கு நடுவுல போகும், பசிபிக் கறுப்பு பிராண்ட் வாத்து கிட்டத்தட்ட மொத்தமும் இலையுதிர் காலத்துல அங்க எறங்கித்தான் கடல்புல்ல தின்னு தேறி தெக்க பறக்கும். 2013ல உள்துறை செயலாளர் சாலி ஜுவெல் முடியாதுன்னுட்டாங்க, அதுக்கப்புறம் ஆட்சி மாற மாற முடிவும் மாறிட்டே இருக்கு.

என் மனசுக்கு ரோடு போட்டுருக்கலாம்னுதான் தோணுது.

அனிதா_டீச்சர்:
ராஜா அண்ணா, இதுல நான் உங்க கூட சேர மாட்டேன். எங்க டெல்டாவுல இருக்கற யூப்பிக் ஜனங்களும் அந்த வாத்த நம்பித்தான் வசந்தத்துல சாப்பிடறாங்க. அந்த ரோட்ட எதுத்து கேஸ் போட்டதுல எங்க பக்கத்து ஊருங்களும் இருக்கு. ஒரு ஊரோட உயிரு, இன்னொரு ஊரோட சோறு, அத டாலஸ்லயோ ஆங்கரேஜ்லயோ உக்காந்து முடிவு பண்ண முடியாது.

செல்வம் சார், எல்லாரையும் ஒரு ஊர்ல கொண்டு வந்து வைக்கலாமேன்னு கேட்டீங்க, அதுக்கு பதில் சொல்லாம விட்டுட்டேன். இந்த ஜனங்க முன்னாடி ஒரு எடத்துல நிலையா இருந்தவங்களே இல்ல, பருவத்துக்கு தகுந்த மாதிரி மீன் முகாம், வேட்டை முகாம்னு நகந்துட்டே இருந்தவங்க. ஸ்கூல் கட்டி, சர்ச் கட்டி, ‘இங்கயே இருங்க’ன்னு உக்கார வச்சது வெளிய இருந்து வந்தவங்கதான். உக்கார வச்சுட்டு இப்ப ‘ஏன் இவ்வளவு தூரத்துல உக்காந்துருக்கீங்க, செலவாகுது’ன்னு கேட்டா அது நியாயமா படல எனக்கு.

மளிகை விஷயமும் சொல்லணும். பைபாஸ் மெயில்னு ஒரு ஏற்பாடு, தபாலாபீசுக்குள்ளயே போகாத தபால். ஆங்கரேஜ்ல மொத்த வியாபாரி 1,000 பவுண்டுக்கு கொறையாம அடுக்கி நேரா ஏர்லைன்ஸ்ல குடுத்துருவாரு, அது எங்க ஊர் கடை வாசல் வரைக்கும் பார்சல் தபால் ரேட்ல வந்துரும். அதுல தபால் துறைக்கு வருஷா வருஷம் நஷ்டம்தான். ஆனா 2002ல சட்டம் போட்டு, பயணிகள ஏத்தற ஏர்லைன்ஸுக்குத்தான் அந்தச் சரக்குல பெரும்பங்குன்னு ஆக்குனாங்க. அதாவது பைலட் பிரெட்னு சொல்ற கெட்டி பிஸ்கட்டும் சோடாவும் பால் பவுடரும் வர்றதாலதான் எனக்கு சீட்டு இருக்கு. ஒண்ண வெட்டுனா இன்னொண்ணும் விழும். 2020 ஏப்ரல்ல ரேவன்னு இங்க பெரிய ஏர்லைன்ஸ் கம்பெனி, ஒரே நாள்ல சேவைய நிறுத்துனப்ப அது கண்ணால பாத்த விஷயம்னு பழைய டீச்சருங்க சொல்லுவாங்க, நூத்துக்கு மேல ஊருங்க அவங்கள நம்பி இருந்துச்சு.

2025 அக்டோபர்ல ஹாலோங் புயலோட மிச்சம் வந்து கிப்னக்கையும் க்விகில்லிங்கோக்கையும் அடிச்சுட்டு போச்சு, வீடெல்லாம் மெதந்து போச்சு. ஜனங்கள ஹெலிகாப்டர்லயும் சின்ன பிளேன்லயும் பெத்தேலுக்கு கொண்டு வந்து, அங்கருந்து ராணுவத்தோட சி-17 பெரிய பிளேன்ல ஆங்கரேஜ் கொண்டு போனாங்க. ரோடு இருந்து போன ஜனம் ஒருத்தர் கூட கெடையாது.

கரூர்_கார்த்தி:
அக்கா, அண்ணா, எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கேள்விய கேட்டதே வேற மனசோட கேட்டேன், இப்ப வேற மாதிரி இருக்கு. டிக்கெட் மாத்திட்டேன், ஜூனோ ரெண்டு நாள், ஆங்கரேஜ், டெனாலி. ஒரே ஒரு கேள்விங்க. பெத்தேல் பக்கம் ஒரு நாள் வந்துட்டு போக முடியுமா? அம்மா டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, இந்த இழைய அவங்களுக்கு வாசிச்சு காட்டுனேன், அனிதா அக்கா ஸ்கூல பாக்கணும்ங்கறாங்க.

அனிதா_டீச்சர்:
தம்பி, ஜூன்ல ஸ்கூல் லீவு, நானும் ஊருக்கு வந்துருப்பேன். அம்மாகிட்ட சொல்லுங்க, மே மொத வாரம்னா புள்ளைங்க இருப்பாங்க, ஆனா பிரேக்கப் நேரம், வந்தா வந்த எடத்துலயே மூணு நாள் மாட்டிக்குவீங்க. எஃப்ஏஏவோட வெதர் கேமரா சைட் இருக்கு, 1999ல இருந்து வச்சிருக்காங்க, ஊர் ஊரா ரன்வே பக்கத்துல கேமரா. தெளிவான நாள் படத்தையும் இப்போதைய படத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டிருப்பாங்க, எந்த மலை தெரியல, எந்த மரம் தெரியலன்னு பாத்தே பைலட்டுங்க முடிவு பண்ணுவாங்க. நாங்களும் காலையில பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி அததான் பாப்போம்.

இப்ப இத டைப் பண்ணும்போது கூட சாயங்காலம் ஏழு மணி, வெளிய முழு இருட்டு. எங்க ரன்வே லைட்ட யாரும் போய் போட மாட்டாங்க, பைலட் தூரத்துல இருந்தே ரேடியோ பட்டன அஞ்சு தடவை தட்டுனா தானா எரியும். அதனால சத்தம் கேக்கறதுக்கு முன்னாடி வெளிச்சம் வந்துரும். ரெண்டு நாளா மூடுபனி, ஒரு பிளேனும் வரல, மூணாவது வகுப்பு புள்ளையோட பாட்டி மூச்சு விட முடியாம கிளினிக்ல படுத்துருக்காங்க, ஊர் மருத்துவ உதவியாளர், ஹெல்த் எய்டுன்னு சொல்லுவோம், நேத்து ராத்திரில இருந்து பக்கத்துலயே உக்காந்துருக்கா.

இருங்க, ஜன்னல்ல லைட்டு எரிஞ்சிருச்சு. பூட்ஸ் போட்டுட்டு போறேன், ஸ்ட்ரெச்சர் தூக்க ஆள் வேணும்.